மிச்சத் தண்ணீர்

நேற்றிரவே கழுவிவிட்டேன்.
நகம் வெட்டி, குதிகாலைக் கல்லால் தேய்த்து,
புதுக் காலுறையின் விலைச்சீட்டைப் பிய்த்தெறிந்து.
ஆயர் தொடப்போகும் கால்
அழுக்காக இருக்கலாமா?

சிலோயே தீவில் ஏப்ரல் என்றால் மழை.
மழை என்றால் சேறு.
ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இங்கே
பூசைக்கும் போக முடியாது, புதைக்கவும் போக முடியாது.
எங்கள் கோயில் முழுக்க மரம், ஆணிகூட மரம்,
சுவரெல்லாம் மீன்செதில்போல் அடுக்கிய பலகைச் சில்லு.
அதன் கூரைக்கு நான் கொடுத்த பணத்தின் ரசீது
இன்னும் என் மேசையில் இருக்கிறது.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு நாற்காலி.
பீடத்தை ஒட்டிய முதல் நாற்காலி யாருக்கு என்று
செவ்வாயன்று தொடங்கிய பேச்சு
புதன் இரவு கூச்சலில் முடிந்தது.
படகுச் சங்கத் தலைவர் எலியோதோரோ
அது தன் அப்பா உட்கார்ந்த இடம் என்றார்.
நான் ரசீதைப் பற்றிச் சொன்னேன்.
செபதேயுவின் பிள்ளைகளுக்குக்கூட
கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கிறது;
மத்தேயு சொல்வதை நம்பினால்
அவர்களுக்காக அம்மாதான் போய்க் கேட்டாள்.

நாற்காலி எனக்குத்தான் கிடைத்தது.

ஆயர் விசைப்படகில் வந்தார்.
முழங்காலில் வாதம். இருவர் தோள்கொடுத்து இறக்க
என் முன்னே மண்டியிட்டார்,
வலியை மறைக்கத் தெரியாத முகத்தோடு.
தண்ணீர் இளஞ்சூடு.
காலை ஏந்திய கை லேசாக நடுங்கியது.
நான் கண்களை மூடிக்கொண்டேன்,
படத்தில் நன்றாக விழும் என்று.

பன்னிரண்டாவது காலும் முடிந்தபோது
தட்டத்தின் அடியில் பொறித்திருந்த மீன்
கண் வரைக்கும் தெரிந்தது.
அத்தனை தெளிவு.
ஒருவர் பாக்கியில்லாமல் நாங்கள் எல்லோரும்
வீட்டிலேயே கழுவிக்கொண்டுதான் வந்திருந்தோம்.

விருந்துக்குப் போகிற பாதி வழியில்
குடையை விட்டது நினைவுக்கு வந்து திரும்பினேன்.

பின்கட்டில் விறகடுப்பு அணையும் நேரம்.
வெந்நீர் போட்ட எடுவிகிஸ் தரையில் குந்தியிருந்தாள்.
முக்காலியில் நொல்பெர்த்தோ.
முப்பது வருடம் சிப்பி எடுக்க மூழ்கியவன்.
ஒருநாள் அவசரப்பட்டு மேலே வந்ததில்
இடுப்புக்குக் கீழே பாதி மரத்துப்போனது.
மரத்த காலுக்குப் புண் வந்தாலும் தெரியாது.
பூட்ஸை அவள் உருவியபோது
நான் கதவிலேயே நின்றுவிட்டேன்.
அதற்குமேல் போக மூக்கு விடவில்லை.

"என்ன செய்கிறாய்?"

"சூடு ஆறவில்லை, அழுக்கும் இல்லை.
இவ்வளவு நல்ல தண்ணீரைக் கொட்டுவானேன்?"

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.
செபம் ஏதும் சொல்லவில்லை.
விரலிடுக்கில் ஒட்டிப்போன காலுறை நூலை
நனைத்து நனைத்து உரித்தாள்,
உருளைக்கிழங்கின் கண்ணில் மண் எடுப்பவள்போல்.
இடையிடையே திட்டினாள்:
"திங்கட்கிழமையே வந்திருக்கக் கூடாதா, கழுதை?"
"திங்கட்கிழமை ஆயர் வரவில்லையே" என்றான் கழுதை.
இருவரும் சிரித்தார்கள்.

தண்ணீர் கறுத்தது.
மீன் மறைந்தது.

"சும்மாதானே நிற்கிறீர்கள்,
அந்தத் துணியை எடுத்துத் துடையுங்கள்."

ஆயர் இடுப்பில் கட்டியிருந்த துணி,
ஓரத்தில் பூவேலை.
மண்டியிட்டேன் என்று எழுத ஆசைதான்.
இல்லை, குனிந்தேன், அவ்வளவுதான்.
கால்சட்டையின் முட்டி நனையக் கூடாதே என்று
அரைகுறையாக.
ஈரப் பலகைபோல் கனத்தது அந்தக் கால்.
நான் தொட்டது அவனுக்குத் தெரியவில்லை.
நான் எந்தப் பக்கம் துடைக்கிறேன் என்பதை
பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.
கொஞ்ச நேரம் கழித்து
நானும் மூச்சை அடக்குவதை விட்டுவிட்டேன்.

விருந்தில் என் இடத்தில்
எலியோதோரோ உட்கார்ந்து
இரண்டு நண்டு சாப்பிட்டாராம்.

எடுவிகிஸ் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்
முட்டைக்கோஸ் பாத்தியில் ஊற்றினாள்.
மழை விடவில்லை.
நொல்பெர்த்தோவை ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்ள
மூன்று பேரும் மேட்டில் ஏறினோம்.
வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தெரிந்தது,
குடையை மறுபடியும் மறந்திருந்தேன்.